பாட்டுக்கு நடுவே பேசியது

என் வீட்டுக்காரர் நஞ்சுண்டனுக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையில் கையை வைத்தால் என்ன ஆகும் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய மேனேஜர் ராய் வீட்டு பேக்யார்டில், அத்தனை பேர் முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்தேன். மனுஷர் இரண்டு நாளாக ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கராஜில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார், மறுபடி கராஜுக்குப் போய்விடுகிறார். எனக்கு அப்படி உட்காரவெல்லாம் வராது. எனக்கு வாய்தான்.

தப்பு அவருடையது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய தப்பு என்னுடையது. வரிசையாகச் சொல்கிறேன்.

நாங்கள் டெக்சாஸில், டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. அவருக்குப் பல்லடம், எனக்குக் காங்கேயம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற கம்பெனியில் அவருக்கு வேலை. வேலையில் கெட்டிக்காரர். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கென்று ஓர் ஆள் கிடையாது. பக்கத்து மேசையில் ராயும் அவன் கூட்டாளிகளும் மான் வேட்டை, படகு, ஃபுட்பால் என்று பேசுவார்கள். இவர் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிப்பாராம், எதற்கென்று தெரியாமலே. அதை ஒருநாள் என்னிடம் அவரே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவரைத் திட்டினேன்.

ராய் கூட்டத்துக்கு வயசுக் காலத்துப் பைத்தியம் ஒன்று உண்டு. டின் பாரசால் என்று ஒரு பேண்டு. நியூ வேவ் என்பார்கள், கீபோர்டும் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்து தடதடவென்று போகும் பாட்டு. ரோவீனா என்கிற பெண் முன்னால் நின்று பாடுவாள். டல்லாஸில் அந்த வகைப் பாட்டுக்கு ஒரு பெண் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை என்று ராய் சத்தியம் பண்ணுவான். டவுன்டவுனுக்குக் கிழக்கே பழைய குடோன் ஒன்றில் கிளப் நடந்தது. எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று இரண்டே வருஷம் அங்கே ஆடிப் பாடிவிட்டு பேண்டு கலைந்துவிட்டது. கிளப்பும் போய்விட்டது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

அவர்கள் போட்டது இரண்டு பாட்டு உள்ள ஒரே ஒரு சின்ன ரெக்கார்டு. கிளப்பில் பாடியதை யாரும் பதிவு பண்ணவில்லை. ரோவீனா விடமாட்டாளாம். வந்தவனுக்குத்தான் பாட்டு, வராதவனுக்கு எதற்கு என்பாளாம். வாசலில் நிற்கும் ஆள் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துதான் உள்ளே விடுவானாம். அதனால் ராய் கூட்டத்திடம் இருப்பதெல்லாம் ஞாபகம்தான். எந்தப் பாட்டு முதலில் வந்தது, எப்போது கிடார் கம்பி அறுந்தது என்று மூன்று பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். பாட்டைவிட அவள் பேச்சைத்தான் அதிகம் சொல்வார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வாய் ஓயாமல் பேசுவாளாம். அம்மாவின் நீலக் கார் ஸ்டார்ட் ஆகாத கதை, சமையலறைக் கத்தரிக்கோலால் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்ட கதை, இப்படி. ஆளாளுக்கு அவள் குரலில் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள்.

இப்போது என் வீட்டுக்காரருக்கு வருகிறேன். அந்தக் கிளப்பில் பாடியதன் ஒரு கேசட் உலகத்தில் இருந்தது. அது எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

கோயமுத்தூர் காலேஜ் ஹாஸ்டலில் இவருடைய ரூம்மேட் கஸ்தூரிரங்கன். அவன் அண்ணன் சுந்தரராமன் அப்போது டெக்சாஸில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தார். போன் பண்ணக் காசில்லாத காலம். எல்லாரும் செய்கிற மாதிரி அவரும் மாசத்துக்கு ஒரு கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்புவார். அப்பா, அம்மா, நான் நன்னா இருக்கேன், ரசம் வெச்சேன், குளிர் ஜாஸ்தி என்று. அப்படி ஒரு மாசம் என்ன தோன்றியதோ, ரெக்கார்டரைக் கோட்டுக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு டின் பாரசால் கச்சேரிக்குப் போய்விட்டார். இங்கே எப்படியெல்லாம் பாடுகிறார்கள் என்று அம்மாவுக்குக் காட்ட ஆசை. பாட்டு நடக்கும்போது பேசினால் ஒன்றும் கேட்காது. அதனால் பாட்டு நின்ற இடத்தில் எல்லாம் கோட்டுக்குள் வாயை வைத்து அம்மாவிடம் பேசியிருக்கிறார். ரோவீனா அந்தப் பக்கம் கார் கதை சொல்கிறாள், இவர் இந்தப் பக்கம் கத்திரிக்காய் இங்கே பூசணிக்காய் அளவு இருக்கு என்கிறார். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேசட்டில் இருக்கும்.

ஊரில் அதைக் கேட்ட அப்பா பையன் கெட்டுப் போய்விட்டான் என்று முடிவுகட்டி, இந்தச் சனியன் வீட்டில் இருக்கக் கூடாது என்றுவிட்டார். கஸ்தூரிரங்கன் அதை ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தான். நாலு வருஷம் அந்த ரூமில் அது ஓடியது. இவருக்கு இங்கிலீஷ் காதில் ஏறியதே அதில்தான். ரோவீனா பேசியது ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம். எங்கே இருமினாள், எங்கே தண்ணீர் குடித்தாள் எல்லாம் தெரியும். படிப்பு முடிந்ததும் கஸ்தூரிரங்கன் கேசட்டை இவரிடமே கொடுத்துவிட்டுப் போனான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குப் போட்டுக் காட்டினார். என்னங்க இது ஒரே இரைச்சல் என்றேன். அதற்கப்புறம் போடவில்லை.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரம் அது நடந்தது. பக்கத்து மேசையில் ராய் கார் கதையைத் தப்பாகச் சொல்லியிருக்கிறான். கம்பி அறுந்ததற்கு அப்புறம்தான் கார் கதை, அதற்கு முன்னால் இல்லை என்று இவர் வாயை விட்டுவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் ரோவீனா எப்படிச் சொன்னாளோ அப்படியே, அந்த இழுவையோடு சொல்லிக் காட்டினார். நீ அங்கே இருந்தாயா என்று ராய் கேட்டான். இவர் தலையாட்டிவிட்டார்.

"எண்பத்திரண்டுல நீங்க பல்லடத்துல டியூசனுக்குச் சைக்கிள் ஓட்டிட்டு இருந்தீங்க. எந்த ஊருக்குங்க வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஏழு வருசத்துல இன்னைக்குத்தான், செல்வி, அவன் எனக்கு ஒரு சேர் இழுத்துப் போட்டான்," என்றார்.

பெரியப்பா பையன் இங்கே படித்தான், லீவுக்கு வந்திருந்தேன் என்று அவர்களிடம் ஒரு கதையை அவிழ்த்து விட்டிருக்கிறார். பதினேழு வயசுப் பையனைக் கிளப்பில் எப்படி விட்டார்கள் என்று ஒருவன் கேட்டதற்குப் பின்கதவு வழியாகப் போனேன் என்றாராம். போகாத கிளப்புக்குப் பின்கதவு வேறு. ஆனால் அன்றையிலிருந்து ஆள் மாறிவிட்டார். ராய் அவரை 'நான்' என்று சுருக்கிக் கூப்பிட ஆரம்பித்தான், நஞ்சுண்டன் அவன் வாயில் நுழையாது. வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு வந்தார். ராய் வீட்டில் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரசிகர் கூட்டம் பார்பெக்யூ போட்டுக் கூடும். அதற்கு எங்களையும் கூப்பிட்டார்கள். இவர் நடுவில் நின்று ரோவீனா மாதிரிப் பேசுவார், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ராயின் பெண்டாட்டி டெபி என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் புருஷன் எத்தனை அதிர்ஷ்டக்காரன், அந்த வயசில் அதைப் பார்த்திருக்கிறானே என்றாள். ஆமாம், அடிக்கடி சொல்வார் என்றேன். என் முகம் எனக்கே கூசியது. சோளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஜூலை மாசம் ராய் எங்கேயோ விசாரித்து ரோவீனாவையே கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிட்டான். வேகோ என்கிற ஊரில் பள்ளிக்கூட பஸ் கம்பெனி ஆபீசில் வேலை செய்கிறாளாம். ஒல்லியாக, நரைத்த தலையோடு, கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு வந்தாள். கூட அவள் மகள் ஐவி, பதினாலு வயசு. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ரோவீனா பையிலிருந்து டார்ச் லைட் மாதிரி ஒன்றை எடுத்துக் கழுத்தில் வைத்து வாயை அசைத்தாள். மோட்டார் இரைகிற மாதிரி ஒரே சுருதியில் தேங்க் யூ என்று வந்தது. கை தட்டல் அப்படியே நின்றது. தொண்டையில் கேன்சர். ஐவிக்கு இரண்டு வயசாக இருக்கும்போது குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம்.

அன்றைக்கு ஐவிதான் பேசினாள். கூச்சப்படுகிற பெண், ஆனால் அதற்காகவே வந்தவள் மாதிரி நேராகக் கேட்டாள். அம்மா அப்போது யாரையும் பதிவு பண்ண விடவில்லை, தெரியும். ஆனாலும் யாராவது ஒளித்து எடுத்துப் போயிருக்கிறீர்களா? யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம், இருந்தால் கொடுங்கள். எனக்கு அம்மாவின் குரல் தெரியாது என்றாள். ரோவீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை ரசிகர்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எல்லாரும் அவள் சொல் கேட்ட நல்லவர்கள், ஒருத்தரிடமும் இல்லை.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கொடுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான். அவர் எழுந்து தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அதோடு விட்டாரா? யார் பதிவு பண்ணியது என்று ராய் கேட்டதும், நான்தான், கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன் என்றார். கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறை. ஐவி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோவீனா மெஷினை வைத்துப் பேசாமல், கையை நெஞ்சில் வைத்து அவரைப் பார்த்துத் தலைகுனிந்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, என் வீட்டுக்காரரின் காது இரண்டும் சிவந்துபோனது.

ராய்க்குத் தெரிந்தவன் ஒருவன் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அவனிடம் கொடுத்து இரைச்சலை எடுத்துவிடலாம், நகல் வேண்டாம், ஒரிஜினலையே கொண்டு வா என்றான் ராய். வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டோம். முதல் பாட்டு முடிந்ததும் சுந்தரராமன் ஆரம்பித்தார். கீச்சுக் குரல். என் வீட்டுக்காரருக்கு டிரம் உருட்டுகிற மாதிரிக் குரல். எந்தச் செவிடனும் இது இவர் இல்லை என்று சொல்லிவிடுவான். போதாக்குறைக்கு ஓர் இடத்தில் பக்கத்தில் நின்றவன் பேர் கேட்கிறான், சுந்தர், மெட்ராஸ் சுந்தர் என்று இங்கிலீஷிலேயே சொல்கிறார். இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்துவிட்டோம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு வார்த்தை அவர் சொன்னார். சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் டெபியின் முகம் கண்முன் வந்தது. அடுத்த நாளிலிருந்து அவர் மறுபடி தயிர்சாத டப்பாவோடு தனியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அந்த ஆள் பேசுகிற இடத்தை மட்டும் அழித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

"அவ பேசறதும் சேந்து போயிருமே செல்வி," என்றார்.

"பாட்டுத்தானுங்க வேணும் அவங்களுக்கு? பேச்சை வெச்சுட்டு என்ன பண்றாங்க?"

எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வரும். பாட்டுக்கு நடுவில் மைக்கில் பேசுவது என்றால், நூற்றொரு ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தவர் பேரும், காணாமல் போன குழந்தை அடையாளமும்தான். அந்த நேரத்தில் எல்லாரும் எழுந்து பஜ்ஜி வாங்கப் போவார்கள். பேச்சு என்றால் எனக்கு அதுதான். ராய் கூட்டம் பேசிக் காட்டிச் சிரித்ததைத் தமாஷ் என்று நினைத்திருந்தேன். எனக்கு அம்மாவின் குரல் தெரியாது என்று அந்தப் பெண் சொன்னதை இந்தக் காதால் கேட்டுவிட்டு வந்து அப்படிச் சொன்னேன். என்ன ஜென்மம் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பையன் சபரியைப் பக்கத்து வீட்டுக் காமாக்ஷி ஆன்ட்டியிடம் விட்டுவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். அழியாமல் இருக்க இவர் என்றைக்கோ உடைத்துவிட்டிருந்த கேசட் முதுகு ஓட்டைகளை செலோடேப் ஒட்டி மூடினேன். முதலில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மைக் எதுவும் மாட்டாமல் ரெக்கார்டை அழுத்தினால் பழையது போய் வெறுமை பதியும். எங்கே பாட்டு முடியும் என்று அவருக்குத்தான் மனப்பாடமாயிற்றே. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி வைத்திருப்பார், முடிகிற நொடியில் கையை இறக்குவார், நான் பட்டனை அழுத்துவேன். அடுத்த பாட்டு ஆரம்பிக்கப் போகும்போது மறுபடி கையைத் தூக்குவார், நான் நிறுத்துவேன். நன்றாகத்தான் பழகினோம். நடுவில் காபிகூடப் போட்டுக் குடித்தோம். ஒரு தடவை சிரித்தோம் என்று நினைக்கிறேன்.

முடிகிற தறுவாயில் ஓர் இடத்தில் மட்டும் நான் தாமதித்துவிட்டேன். அவர் கையை இறக்கிவிட்டார். அப்போதுதான் ரோவீனா ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதுவரை அந்தப் பெண் குரலை நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. கிணற்றில் வாளி விழுந்த மாதிரி ஆழத்திலிருந்து வருகிற சிரிப்பு. கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு அப்புறம்தான் அழுத்தினேன். ஒரு மூச்சுத்தான், யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார் அவர். அந்த இரைச்சலில் சிரிப்பைத் தவிர வேறெதுவும் எனக்குக் காதில் விழவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராய் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். ஆகஸ்ட் வெயில், மரத்தடியில்கூட அனல். ஸ்டுடியோக்காரன் இரைச்சலை எடுத்துச் சுத்தம் பண்ணின கேசட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். ரோவீனாவுக்கும் ஐவிக்கும் முன்னால் நாற்காலி. எங்களுக்கு அவர்கள் பக்கத்திலேயே இடம் வைத்திருந்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் ராய் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரோவீனா தொடையில் தாளம் போட்டாள். எனக்கே உச்சி குளிர்ந்தது, நல்ல காரியம் பண்ணிவிட்டோம் என்று.

பாட்டு முடிந்தது. வெறும் அமைதி. ஐவி முன்னால் சாய்ந்து காத்திருந்தாள். அடுத்த பாட்டு வந்தது. அதுவும் முடிந்தது, மறுபடி அமைதி. மூன்றாவது தடவை அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள், ராயைப் பார்த்தாள், என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அம்மா பேசுவது எங்கே என்று கேட்டாள். டேப் தீர்ந்துவிடும் என்று பாட்டு முடிந்ததும் நிறுத்தி நிறுத்திப் பதிவு பண்ணினேன் என்றார் இவர். அதை முதல் நாளே சொல்லிப் பார்த்து வைத்திருந்தோம்.

ஐவி மெதுவாகத்தான் பேசினாள். அவள் இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் சொல்கிறேன்.

"அம்மா பாடினது எங்கிட்ட ரெக்கார்டுல இருக்கு. அதுல பாடறாங்க, பாடினா யாரும் யார் மாதிரியும் இருக்கலாம். எனக்கு அவங்க பேசிக் கேக்கணும். என்னைக் கூப்பிட்டிருந்தா எப்படிக் கூப்பிட்டிருப்பாங்கன்னு தெரியணும்."

அவரைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. மரத்தடிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். ராய் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, பாட்டாவது கிடைத்ததே என்றான். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. டேப் முடிகிற தறுவாய்க்கு வந்தது. அந்தப் பாட்டு முடிந்தது.

யாராவது கதவைத் திறங்கள், உள்ளே வெந்துபோகிறேன் என்றாள் ரோவீனா. அப்புறம் அந்தச் சிரிப்பு. சுத்தம் பண்ணின டேப்பில் பக்கத்தில் நின்று சிரிக்கிற மாதிரி இருந்தது. அதன்மேல் ஒரு கீச்சுக் குரல், "அம்மா, கேக்கறதா?" என்றது. உடனே அமைதி.

ஐவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மறுபடி போடு என்றாள். ராய் போட்டான். மறுபடி என்றாள். மூன்றாவது தடவை அவளுக்கு அந்தக் கீச்சுக் குரல் காதில் விழுந்தது. அது யார் என்று கேட்டாள். எல்லாரும் நஞ்சுண்டனைப் பார்த்தார்கள். அவர் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் என் பக்கம் திரும்பி, இது உங்கள் பாஷையா, என்ன சொல்கிறார் என்றாள்.

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு வாய்க்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் அந்தப் பெண் முகத்தை அத்தனை கிட்டத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கேட்கிறதா என்று அவர் அம்மாவிடம் கேட்கிறார்," என்றேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. இது என் புருஷன் இல்லை. இது வேறொருத்தர், ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் பேசி அனுப்பியது. என் புருஷன் அந்தக் கிளப்புக்கு வந்ததே இல்லை, ஊரில் உட்கார்ந்து கேசட்டில் கேட்டதுதான். பாட்டுக்கு நடுவில் எல்லா இடத்திலும் உன் அம்மா பேசியது இருந்தது. கூடவே அந்த ஆள் குரலும் இருந்தது. அதனால் அழித்துவிட்டோம். பட்டனை அழுத்தியது நான் என்றேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராய் கையிலிருந்த பீர் டின்னைக் கீழே வைத்துவிட்டு, ஏன், 'நான்', என்று அந்தச் சுருக்கப் பேரைச் சொல்லி மட்டும் கேட்டான். டெபி என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். ரோவீனா மெஷினை எடுத்துக் கழுத்துவரை கொண்டுபோனாள். எதையோ சொல்ல வாய் அசைந்தது. அப்புறம் மெஷினைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள்.

ஐவி இவர் முன்னால் வந்து நின்றாள். உங்களுக்கு எல்லாம் மனப்பாடம், அம்மா மாதிரியே பேசுவீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், அழித்ததைச் சொல்லுங்கள் என்றாள். இவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. கார் கதையை ஆரம்பித்தார். அதே இழுவை, அதே இருமல், மாசாமாசம் இதே புல்லில் நின்று பேசிக் கைதட்டல் வாங்கியது. இரண்டு வாக்கியம்கூட ஆகவில்லை.

"வேண்டாம், நிறுத்துங்க," என்றாள் ஐவி. "இது நீங்கதான். எனக்கு உங்க குரல்தான் கேக்குது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து, வாசலில் கார்கள் நிற்கிற டிரைவ்வேக்குக் கூட்டி வந்தேன். எங்கள் காருக்குப் பின்னால் இன்னொரு கார் நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. சீக்கிரமே வந்து முன்னால் நிறுத்தியிருந்தோம். திரும்பிப் போய் வண்டியை எடுங்கள் என்று யாரிடம் கேட்பது? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தோம். அந்த வெயிலில் ஏசி போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பேக்யார்டில் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. கதவைத் திறக்கச் சொல்கிறாள், சிரிக்கிறாள், அம்மா, கேக்கறதா? டேப் பின்னால் ஓடுகிற சத்தம். மறுபடி கதவு, சிரிப்பு, அம்மா, கேக்கறதா? இனி அந்தப் பெண் ஆயுசுக்கும் தன் அம்மா குரலை எப்போது கேட்டாலும் அந்தத் தமிழையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். நாங்கள் அவளுக்கு மிச்சம் வைத்தது அவ்வளவுதான். பின்னால் நின்ற காரை எடுக்க யாரும் வரவில்லை.